கையால் போட முடியாத விரிசல்

“ரொம்ப நேரா இருக்கே தம்பி. ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி.”

“இன்னும் முடிக்கல அண்ணே. இப்பதான் கோடு போட்டிருக்கேன்.”

“பாத்து. சுவரே கையோட வந்துடப் போகுது.”

“பூச்சுல மட்டும்தான் போடறேன். செங்கல் பக்கமே போகல.”

முதல் மாடிப் படித் திருப்பத்தில், முக்காலி மேல் ஏறி நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் பல்செட் செய்கிறவர். மூன்றாம் மாடியில் குடியிருந்தார். முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து அங்கே பொய்ப்பல் செய்து கொடுப்பார். முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எதிரில் வருகிறவர்களை, ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லப் போகிறவர் மாதிரிதான் பார்ப்பார்.

விஷயம் இதுதான். மொட்டைமாடி ஒழுகியது. கட்டிடச் சொந்தக்காரர் எப்போது கேட்டாலும் “ஆகட்டும், பாக்கலாம்” என்பார். நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் அவர் வழிக்கு வருவார் என்று சங்கம் நம்பியது. ஆனால் பொறியாளருக்கு முழங்கால் வலி. எந்தக் கட்டிடத்திலும் முதல் மாடியைத் தாண்டி ஏறுவதில்லை என்று பக்கத்துத் தெருச் சங்கம் சொல்லியிருந்தது. ஒழுகலோ மூன்றாம் மாடிக் கூரையில். ஒழுகலைக் கீழே கொண்டுவர வழியில்லாததால், வேறொரு குறையைப் பொறியாளரின் கண்ணுக்கு நேராக வைப்பது என்று கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. இதில் தப்பிருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

பல்செட்காரர் தாமாகவே முன்வந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். கூரை ஒழுகியபோது, கட்டிலில் அவர் மனைவி படுக்கும் பக்கமாகப் பார்த்து ஒழுகியது. முதலில் தலையணையை நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் இருமல் பிடித்துக்கொண்டது. “ஈரம் காயட்டும், வரேன்” என்று அம்மா வீட்டுக்குப் போனாள். மழை நின்றது, ஈரம் நிற்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தினமும் போனில் பேசினார்கள். அவள் ஈரம் ஊறிய படுக்கையறைச் சுவரைப் பற்றி விசாரிப்பாள், உடம்புக்கு முடியாத உறவினரை விசாரிப்பது போல. அவர் “அப்படியேதான் இருக்கு” என்பார். கட்டிலில் அவள் இடத்தில் ஒரு வாளி இருந்தது.

அதனால் அவர் அந்த விரிசலை மனசு வைத்துச் செய்தார். புதுப் பல்லைப் பழசாகக் காட்டுவதுதானே அவர் தொழில். வாய்க்குள் இருப்பது பொய் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்குக்கூடத் தெரியக்கூடாது. விரிசலை இரண்டு இடத்தில் வளைத்தார், ஓர் இடத்தில் தயங்க வைத்தார், கடைசியில் மெல்லிய கிளைகளாகப் பிரித்துவிட்டார். ஓரங்களில் டீத்தண்ணி தொட்டுப் பழுப்பேற்றினார். முடிந்ததும் எட்ட நின்று பார்த்தார். எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லாத ஒரு நதி மாதிரி இருந்தது. அதன் கரையில் ஓர் ஊர்கூட இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“நானே பயந்துட்டேன்” என்றார் தலைவர்.

பொறியாளர் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படித் திருப்பம் வரை ஏறினார். விரிசலில் விரலை வைத்து, அது வளைந்த இடங்களிலெல்லாம் வளைந்து, கிளை பிரிகிற இடம் வரைக்கும் போனார்.

“இதுக்குள்ள எப்படிங்க குடியிருக்கீங்க?”

“என்ன செய்யறது சார், பழகிடுச்சு” என்றார் இரண்டாம் மாடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அக்கா. கூட்டத்தில் அந்த வசனத்தை அவருக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

பொறியாளர் நெகிழ்ந்துபோனார். வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டினார். கட்டிடம் ஆபத்தானது, மாத முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

“ரிப்பேர்னு ஒரு வார்த்தை கூட இல்லையே?”

“நீங்கதானே அண்ணே நல்லா பயமுறுத்தணும்னு சொன்னீங்க?” என்றார் அக்கா.

“பயமுறுத்தணும்னுதான் சொன்னேன். கொல்லணும்னா சொன்னேன்?”

அவசரக் கூட்டம் கூடியது. போட்ட விரிசலை மூடிவிட்டு, மறுபடியும் பார்க்கச் சொல்லி விண்ணப்பிப்பது என்று முடிவானது. இதுவும் ஒருமனதாகத்தான். பல்செட்காரர் பல் அச்சு வார்க்கும் மாவைக் குழைத்து அடைத்தார். சுவரின் நிறத்துக்கு நிறம் சேர்த்தார், பக்கத்துப் பல்லுக்குச் சேர்ப்பது போல. அழுக்குக்கு அழுக்கு சேர்த்தார். வேலை முடிந்தபோது எங்கே விரிசல் இருந்தது என்று அவருக்கே தடவிப் பார்த்துத்தான் தெரிந்தது.

பொறியாளர் மறுபடியும் வந்தார். போன தடவை விரல் வைத்த இடத்தில் விரலை வைத்தார். ஒன்றுமில்லை. அவர் முகம் வெளுத்தது.

“எங்க போச்சு?”

“இப்ப இல்லைங்க சார்” என்றார் தலைவர் பெருமையாக. “தானாவே சரியாயிடுச்சு.”

“இவ்வளவு பெரிய விரிசல் தானா மூடிக்கிச்சுன்னா, கட்டிடம் நகருதுன்னு அர்த்தம்.” பொறியாளர் தன்னையறியாமல் ஒரு படி கீழே இறங்கினார். “மாசக் கடைசி எல்லாம் வேண்டாம். இந்த வாரமே காலி பண்ணுங்க.”

அப்போதுதான் பல்செட்காரர் முன்னால் வந்தார். தலைவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

“சார், அது நான் போட்ட விரிசல். மூடினதும் நான்தான். கட்டிடத்துக்கு ஒண்ணும் இல்ல. கூரைதான் ஒழுகுது.”

பொறியாளர் அவரைக் கனிவோடு பார்த்தார். வீட்டை விட மனசு வராதவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஒருவர் நிலநடுக்கத்தையே தன் தலையில் போட்டுக்கொண்டாராம்.

“சர்வீஸ் முழுக்க நான் பாத்தது விரிசல்தாங்க. அந்த மாதிரி ஒண்ணைக் கையால போட முடியாது. நம்புங்க.”

பல்செட்காரருக்கு உள்ளுக்குள் இனித்தது. எந்த டாக்டரும் அவர் செய்த பல்லைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. இனித்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. அந்த இடைவெளியில் பொறியாளர் படியிறங்கிப் போய்விட்டார்.

தலைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “நல்லாத்தான் செஞ்சே தம்பி. கொஞ்சம் மோசமா செஞ்சிருக்கலாம்.”

மூன்றாம் மாடிக்குப் போய், பட்டறை மேஜை முன்னால் உட்கார்ந்தார் பல்செட்காரர். பாதி முடிந்த பல்வரிசைகள் அச்சுகளின் மேல் இருந்தன. எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. அரைக்கும் மோட்டார், மெழுகு அடுப்பு, மாவு மூட்டை. இவற்றோடு ஒரு மனிதனுக்கு யார் வீட்டை வாடகைக்கு விடுவார்கள்? ஒன்று ஒன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

“என்னங்க, இன்னிக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டீங்க?” என்றாள் அவள். இருமல் இல்லை. குரல் தெளிவாக இருந்தது. “பொறியாளர் வந்தாரா?”

“வந்தார்.”

“பாத்தாரா?”

“நல்லாப் பாத்தார்.”

“அப்போ கூரை சரியாயிடும்னு சொல்லுங்க. நான் பெட்டி கட்டலாமா? அம்மா வேற எப்போ கெளம்பறேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

அவர் கட்டிலைப் பார்த்தார். வெயில் காலம், வாளி காய்ந்து கிடந்தது.

“பெட்டிய நான்தான் கட்டணும்மா. எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இந்த வாரமே.”

அந்தப் பக்கம் தூரத்தில் மாமியார் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

“ஏம்மா, அங்க பின்னாடி ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு. மோட்டார் சத்தம் பெருசா வராது. மாவு பறக்காம நான் பாத்துக்கறேன். கொஞ்ச நாளைக்கு நானும் அங்கயே வந்து இருந்துக்கட்டுமான்னு, உங்க அம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?”