சண்முகவள்ளியின் ஸ்பீக்கர் பெட்டி

சிக்கல் கிராமத்தில் வீட்டுக்கு மின்சாரம் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் சண்முகவள்ளி ரெக்கார்டு பிளேயர் வாங்கிவிட்டாள். அந்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்த்திருந்தது. மாட்டுக் கொட்டகைக்கு ஓடு போடலாம் என்று புருஷன் பூமிநாதன் சொன்னதற்கு, "அது அடுத்த வருசம்" என்று முடித்துவிட்டாள்.

ஸ்பீக்கர் எடுக்க இருவரும் ராமநாதபுரம் போனார்கள். ரேடியோ கடைக்காரர் காதர் மைதீன் இரண்டு பெட்டிகளை வைத்தார். சின்னப் பெட்டியில் ஒரே ஸ்பீக்கர். எல்லாச் சத்தமும் அதிலிருந்துதான். மற்றது இடுப்பளவு உயரம். கனத்த சத்தத்துக்குக் கீழே பெரிய ஸ்பீக்கர், மெல்லிய சத்தத்துக்கு மேலே சின்னது.

"சின்னதே போதும். மாடத்துல அடங்கிரும்" என்றான் பூமிநாதன்.

சண்முகவள்ளி மாற்றி மாற்றிக் கேட்டாள். தெரு இரைச்சலில் எதுவும் தெளியவில்லை.

"இங்கன ஒண்ணும் புடிபடல பாய். ரெண்டையும் கொண்டு போறேன். வீட்டுல கேட்டுட்டு வேணாங்கிறதத் திருப்பித் தாரேன்."

"பஸ்ஸுல இடிபடாமக் கொண்டு போவியளா?"

"மடியில வச்சாவது கொண்டு போவேன்."

வீட்டில் முதலில் சின்னப் பெட்டியில் பாட்டு ரெக்கார்டு வைத்தாள். பாடுகிறவள் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பூமிநாதன் சிரித்தான். அடுத்து நாகசுர ரெக்கார்டு போட்டாள். தவிலில் ஓங்கி அடி விழும்போதெல்லாம் நாகசுரம் நடுங்கியது.

பெரிய பெட்டியில் தவில் நெஞ்சில் இடித்தது; நாகசுரம் அசையவில்லை. ஆனால் பாட்டு வைத்தால் குரல் கீழேயும் 'ச', 'த' போன்ற எழுத்துகளின் சத்தம் மேலேயுமாக, ஒருத்தியே இரண்டு பேராகப் பிரிந்து பாடினாள். சண்முகவள்ளி பின்னால் நகர்ந்தாள். நகர நகரப் பிரிந்த குரல் ஒன்றாக ஒட்டி வந்தது. அதற்குள் முதுகு, நெல் கொட்டி வைக்கும் மண் குலுக்கையில் முட்டியது. அதைச் சுற்றிப் பின்சுவரோரம் போய் நின்று கேட்டாள். அங்கே ஒரே குரல்.

"இந்தப் பெட்டிதான். செவுத்தோரம் உக்காந்து கேக்க எடம் வேணும், குலுக்கையப் பின்கட்டுக்கு மாத்திருவோம்."

"என்ன பேச்சு பேசுற? அய்யா காலத்துல இருந்து அங்கனதான் நிக்குது."

"நெல்லு எங்கன இருந்தாலும் நெல்லுதான். பாட்டு அப்படியில்ல."

அவன் துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். அவள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளைக் கூப்பிட்டாள். இருவருமாக நெல்லைச் சாக்குகளில் அள்ளினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த குலுக்கையின் மண் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நகர்த்தினார்கள். அடி உறை கைநழுவி விண்டது. பஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.  சண்முகவள்ளி விண்டதையும் தூக்கிப் பின்கட்டில் வைத்தாள்.

சாயங்காலம் திரும்பிய பூமிநாதன் விரிசலைத் தடவிப் பார்த்தான்.

"என் கை தப்பு. மண்ணக் கொழச்சுப் பூசிருவேன்" என்றாள். அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான். அவள் நாகசுர ரெக்கார்டை வைத்தாள். அது முடியும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. பாட்டு ரெக்கார்டை எடுக்கும்போது அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கன பிரிஞ்சு கேக்கும். செவுத்தோரம் வாங்க."

அவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.