இரவல் கோட்டு

அன்று மாடி அறையில் இருந்தவர்கள்: மகளைக் கூட்டிவந்த பஸ் டிரைவரும் அவர் மனைவியும், இரட்டைப் பையன்களைச் சேர்க்க வந்த பாத்திரக்கடைக்காரர், தம்பிக்காக வந்திருந்த ஒரு நர்ஸ், மருமகன் என்ன படிக்கப்போகிறான் என்றே தெரியாமல் தூங்கிவழிந்த ஒரு தாய்மாமன், இன்னும் சில குடும்பங்கள். அவர்களுக்கு எதிரே, மேசையருகில், கோட்டுப் போட்ட ஒருவன். கல்லூரியின் சேர்க்கை அதிகாரி அப்போது அறையில் இல்லை. பெற்றோர்கள் காலையில் கட்டிய முன்பணத்தைக் கீழே எண்ணிக்கொண்டிருந்தார்.

கோட்டு, அதிகாரியின் மைத்துனனுடையது. கல்யாணத்துக்குத் தைத்தது. கை நீளமாக இருந்ததால் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அதுவும் நல்லதுதான். விரல்களில் டேப்பின் பசை கறுத்துப் படிந்திருந்தது. விடியும்வரை கிடங்கில் பார்சல் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தான். கல்லூரி விளம்பரத்தில் அவன் படத்துக்குக் கீழே 'மேனேஜர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தத் தாள் எப்படியோ கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் அங்கேயும் அவன் மேனேஜர்தான். "மேனேஜர், அந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்குங்க" என்பார்கள்.

படிப்பு வங்கிக்கடனில் முடிந்தது. கடைசி வருஷம் கல்லூரி புதிதாக ஒரு கட்டணத்தைக் கண்டுபிடித்தது. அதற்குக் கடன் கிடையாது. கட்டவில்லை. சான்றிதழ் அதிகாரியின் இரும்பு அலமாரிக்குள் போனது. போன இடமெல்லாம் அசல் சான்றிதழ் கேட்டார்கள். பாக்கி கட்டினால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் பாக்கி. செக்குமாடு இவனைவிடக் கொஞ்சம் நேராக நடக்கும்.

அதிகாரிதான் வழி சொன்னார். "சேர்க்கை சமயத்துல வந்து ரெண்டு நல்ல வார்த்தை பேசிட்டுப் போ. பாக்கியைக் கழிச்சுக்கலாம்."

வந்தான். கிணற்றுக்குள் கிடப்பவனே மேலே பார்த்து, தண்ணீர் சில்லென்று இருக்கிறது, குதியுங்கள் என்று கூப்பிடுகிற வேலை. நன்றாகவே கூப்பிட்டான். ஒவ்வொரு வருஷமும் ஆட்கள் குதித்தார்கள். பாக்கி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கேட்டபோது அதிகாரி சிரித்தார். "கோட்டுக்குச் சலவைக் கூலி யாருப்பா குடுக்குறது?"

அதையும் விழுங்கினான். விழுங்க முடியாதது அந்த வாரம் நடந்தது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அக்கா. வங்கி அனுப்பிய வசூல்காரன் அவள் துணி தைக்கிற ஃபேக்டரிக்குப் போய், வேலை விடும் நேரத்தில் வாசலில் நின்றிருக்கிறான்.

"என் பேரைச் சொல்லிக் கூவுறான்டா" என்றாள் அக்கா. "நாளைக்கு வேற கேட்டு வழியா போயிடலாம்னு பார்த்தேன். அங்க இருக்கிறதே ஒரு கேட்டுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் யாரை என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

அன்று காலை கோட்டை மாட்டிக்கொண்டே அதிகாரியிடம் பேச்சைத் தொடங்கினான்.

"சார், போன வாட்டி ஒருத்தர் கேட்டாரு, இந்தக் காலேஜ்லதான் படிச்சேன்னு என்ன அத்தாட்சின்னு. நான் பல்லைக் காட்டிட்டு நின்னேன். பேச்சு முடிஞ்சதும் நாலு பேரு அப்படியே எழுந்து போயிட்டாங்க."

"எழுந்து போயிட்டாங்களா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"அசலைக் கையில பிடிச்சுக் காட்டினா வாயைத் திறக்க மாட்டாங்க சார்."

அதிகாரி யோசித்தார். நாலு குடும்பத்துக் கட்டணம் கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும். மூன்று வருஷம் கெஞ்சித் திறக்காத அலமாரியைத் தன் கையாலேயே திறந்தார்.

"காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடணும். மடிச்சுடாதே."

"உங்க சொத்து சார். மடிப்பேனா?"

கூடவே அறைச் சாவியையும் கொடுத்தார். அது அவர் வழக்கம். பேச்சு முடிகிறவரை கதவு உள்பக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும், சாவி பேசுகிறவன் பையில் இருக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியின் ஆள் தெருவில் நின்று வலை வீசுகிறான் என்பது அவர் கவலை. பெற்றோர்களிடம், ஏசி குளிர் வெளியே போய்விடும் என்று சொல்லிவைத்திருந்தார்.

அவன் வழக்கமான பாட்டைப் பாதி பாடியபோது பஸ் டிரைவர் கையைத் தூக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. எந்தக் கம்பெனியில மேனேஜரு?"

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தான். கோட்டின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"பார்சல் கிடங்குண்ணே. நைட் ஷிஃப்ட். டேப் ஒட்டுறேன். இந்தக் கோட்டு அதிகாரியோட மச்சானுது. இந்தச் சான்றிதழ் மூணு வருஷமா கீழ அலமாரியில இருந்துச்சு. இன்னைக்கு வெளிய வந்ததே உங்களை நம்பவைக்கத்தான்."

தாய்மாமன் விழித்துக்கொண்டார்.

"அப்ப இதுல இருக்கிற மத்தவங்க?" நர்ஸ் விளம்பரத்தை விரித்துக் காட்டினாள்.

"இவன் கைப்பேசிக் கடையில நிக்கிறான். இந்தப் பொண்ணு வீட்டுல இருக்கு. இவரு யாருன்னே தெரியலக்கா, எங்க காலேஜே இல்ல. என் கடனுக்கு என் அக்காவைத் தெருவுல நிறுத்திப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. நீங்களும் யாராவது ஒருத்தரு கையெழுத்துப் போடுவீங்கல்ல? கூப்பிடும்போது எந்தப் பக்கமா ஓடலாம்னு இப்பவே பார்த்து வெச்சுக்குங்க."

பாத்திரக்கடைக்காரர் இரட்டையர்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாமே இரண்டு மடங்கு.

"காலையில கட்டின பணம்?" என்றாள் டிரைவரின் மனைவி.

"பையில போட்டு எடுத்துக்கிட்டு அவரே வருவாரும்மா. எப்பவும் நன்றி சொல்ல வருவாரு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. டிரைவர் அவன் காதருகே குனிந்து, "நீ கிளம்பு. போகும்போது பூட்டிட்டுப் போ. பணம் வந்தப்புறம் நாங்களே போன் போட்டு ஆளைக் கூப்பிட்டுத் திறந்துக்கிறோம்" என்றார். பஸ் படியில் தொங்குகிறவனிடம் பேசுகிற குரல் அது.

அவன் பூட்டைத் திறந்தான். அதிகாரி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எல்லாருக்கும் திருப்திதானே?" என்றவர், அவன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "சான்றிதழ் எங்கய்யா?"

அது அவன் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. மடிக்கவில்லை. கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டான்.

"சலவைக்குப் போடணும் சார். கூலியைக் கழிச்சுக்குங்க."

அதிகாரி தோளைப் பார்த்தார், பிறகு எதிரே பார்த்தார். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்புவதற்குள் அவன் வெளியே வந்து கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினான்.