வெள்ளை ஈ கிளம்பிய காலை

கொழுந்தன் தக்காளியைக் கைகழுவிவிட்டு மூட்டை தூக்கப் போய்ப் பல வாரமாகிவிட்டது. அவன் விட்டுப்போன செடிகள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் இலை சுருண்டு, மஞ்சளடித்து, காய்க்கவும் இல்லாமல் சாகவும் இல்லாமல் நின்றன. இந்தப் பக்கம் அண்ணியின் தக்காளி இப்போதுதான் பூவெடுத்திருந்தது.

"அதப் பிடுங்கிப் போடுப்பா. வெள்ளை ஈ அதுலதான் அடைஞ்சு கிடக்கு. அங்க சாறு குடிச்ச வாயோட இங்க வந்து குத்துச்சுன்னா என் செடிக்கும் நோய் வந்துடும்" என்று அவள் சொல்லாத நாளில்லை.

"பிடுங்கலாம் அண்ணி" என்பான் அவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தபடி. "எந்திரிக்கத்தான் முடியல."

நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் புருஷனோ முதுகு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கை. அடுப்பும் வயலும் அவள் தலையில்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் காலை தானே வேலி தாண்டினாள். முதல் செடியை இழுத்ததுமே இலையடியிலிருந்து ஈக்கள் பொடிப்பொடியாகக் கிளம்பின, சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்ட மாதிரி. முகத்தில் மொய்த்ததைப் புறங்கையால் தள்ளிவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் வயல் காலி. இடுப்பு கழன்று விழுகிற வலி. ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

சில வாரத்தில் அவள் செடிகளிலும் கொழுந்து சுருண்டது. முதலில் வேலியோரம், பிறகு வயல் முழுக்க.

பார்க்க வந்த விவசாய அதிகாரி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த வயலையும் பார்த்தார். "பக்கத்து வயல் செடியைப் பிடுங்கறதுக்கு முன்னாடி மருந்தடிச்சீங்களாம்மா?"

"இல்ல சார். அப்படியே பிடுங்கிட்டேன்."

அவர் இலையைக் கீழே போட்டார். "இருந்த இடம் போச்சுன்னா ஈ வேற எங்கம்மா போகும்? பக்கத்துல பச்சையா இருந்தது உங்க செடிதான்."

"இப்ப அடிச்சா?"

"ஈ சாகும். செடிக்குள்ள போன வைரஸ் போகாது."

அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

மறுநாள் கொழுந்தன் வேலைக்குப் போகவில்லை. மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான். "நீங்க உக்காருங்க அண்ணி. அந்தாண்ட மிளகாய் போட்டிருக்காங்க, அவங்க செடிக்காவது ஈ போகாம இருக்கட்டும். அடிச்சுட்டு அப்புறம் பிடுங்கறேன்."

"இது தெரிஞ்சுதான் அப்ப எந்திரிக்காம கிடந்தியா?"

"சத்தியமா இல்ல. சோம்பேறித்தனம்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவன் முதல் வரிசையை முடிப்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டாள்.