மறக்கிற சிப்

அக்கா ஜீவராணியின் கழுத்தில் தொங்கிய புளூடூத் டேக், நிலக்ஷி இருபது அடி நடப்பதற்குள் அவள் கையிலிருந்த போனுக்கு எட்டாமல் போனது. நிலக்ஷி தேயிலைச் செடிகளுக்கு நடுவே பின்பக்கமாக நடந்து, நின்று நின்று திரையைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். காலையில் பெய்த மழையில் இலையெல்லாம் நனைந்திருந்தது. புளூடூத் அலையை ஈரம் குடித்துவிடும். மனித உடம்பும் குடித்துவிடும். அக்கா முதுகைக் காட்டி நின்றால் பத்து அடிகூடத் தாங்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு இரண்டாவது சிப் வைத்த டேக்கை மாட்டியபோது, மேலே கொம்பனி வான் நிறுத்தியிருந்த ரோட்டிலிருந்தும் அக்கா பெயர் திரையில் தெரிந்தது.

"இத போட்டுக்கிட்டா நான் எங்க நிக்கிறேன்னு தொரைக்கு தெரியுமா?" ஜீவராணி கேட்டாள்.

"எங்கன்னு தெரியாதுக்கா. கங்காணி போனுக்குக் கிட்ட இருக்கியா, தூரத்துல இருக்கியான்னு மட்டுந்தான்."

"அது போதுமே," என்றாள் அக்கா.

றொசல்லைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் பங்குனி மாதம் குளவிக் கூடு கலைந்தது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். அவர்களில் காளியாயி தண்ணி ஓடுகிற கான் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்ததை ஒன்றரை மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. உயிர் பிழைத்தாள், ஒரு கண் போய்விட்டது. அதற்குப் பிறகுதான், யார் பக்கத்தில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்று போனிலேயே பார்க்கிற டேக் வேண்டுமென்று தோட்ட நிர்வாகம் ஹட்டனுக்கு, மூன்றே பேர் வேலை செய்கிற சாருஜனின் கொம்பனிக்கு வந்தது. எந்த சிப் என்று முடிவெடுக்கிற பொறுப்பு அங்கே வேலை செய்கிற நிலக்ஷிக்கு. அவள் பிறந்த லயத்து வீடு அதே தோட்டத்தில்தான். தன் மலைக்கே ஏதோ செய்யப்போகிறோம் என்று முதலில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

அதைக் கெடுத்தது ஒரு தாள். நிர்வாகம் அனுப்பிய தேவைகள் பட்டியலின் கடைசியில், தனியாக ஒரு வரி: 'ஒவ்வொருவரும் கூட்டத்தை விட்டு விலகி நின்ற நேரம்.' குளவி கொட்டி விழுந்தவளைத் தேடுவதற்கு அந்தக் கணக்கு எதற்கு? மலையில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் எதற்காக விலகிப் போவார்கள் என்பது அங்கே வேலை செய்த எவருக்கும் தெரியும். நிலக்ஷி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யார் பக்கத்தில் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைக்கிற அளவு மெமரி இரண்டாவது சிப்பில் இருந்தது. தூரம் எட்டுகிற சிப்பும் அதுதான், எதையும் மறக்காத சிப்பும் அதுதான். நாலு நாள் தேடியபின் மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. அதே சிப் குடும்பம், அதே வீச்சு. மெமரி மட்டும் மிகச் சிறியது. தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும், வேறு எதையும் வைத்துக்கொள்ளாது. பிறகு யாராவது புது புரோகிராம் ஏற்றலாமென்றாலும் இடம் இருக்காது.

சாருஜன் யாழ்ப்பாணத்துக்காரன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். அவள் கொடுத்த பேப்பரை இரண்டு முறை பார்த்தான்.

"பெரிய மெமரி இருக்கிறதை ஏன் வேண்டாம் எண்டுறியள்? விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதானே."

"இது பெட்டரிய மிச்சப்படுத்தும் சேர்."

பாதி பொய். அவன் பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"உங்கட அக்கா அந்தத் தோட்டத்திலதானே வேலை செய்யிறா?"

"ஆமா சேர்."

"ம்," என்றான். கையெழுத்துப் போட்டான். அவன் எதையாவது பார்த்துவிடுவானோ என்று அன்றிலிருந்து அவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகவில்லை.

சோதனை நாளில் பன்னிரண்டு பெண்களுக்கு டேக் கொடுத்தார்கள். சாருஜனும் நிலக்ஷியும் ரோட்டில் நின்று போனைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பெயர்கள், பெயருக்கு ஒரு கோடு. கிட்ட வந்தால் கோடு நீளும், விலகினால் குறுகும். பன்னிரண்டும் ஒன்றாக நீண்டன, ஒன்றாகக் குறுகின. கீழே சரிவு முழுக்கப் பெண்கள் சிதறி நின்றிருந்தார்கள்.

"சிப் பிழையோ?" என்றான் சாருஜன். "நீங்கள் எடுத்த சிப்தானே."

"போய்ப் பாத்துட்டு வர்றேன் சேர்."

அவள் இறங்கி வருவதைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜீவராணி முதுகுப் பையை இறக்கிக் கொழுந்தை விலக்கிக் காட்டினாள். பன்னிரண்டு டேக்கும் ஒரு பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக் கிடந்தன.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லலாம்னுதான் இருந்தோம். நீ யாரு பக்கம்னு இவங்களுக்கு தெரியல." பையைப் பார்த்தபடி, "எனக்கும்," என்றாள்.

நிலக்ஷி தணிந்த குரலில் விளக்கினாள். தாளில் இருந்த வரியையும் சொன்னாள், அதற்காகவே மெமரி இல்லாத சிப்பைத் தேடி எடுத்ததையும் சொன்னாள். "இதுல எதுவும் நிக்காதுக்கா. அந்தந்த நேரத்தோட மறந்துரும்."

"சிப்பு மறந்துரும். போனு?"

போனில் ஓடுகிற புரோகிராமை எழுதியது சாருஜன். அது எதைச் சேர்த்து வைக்கிறது என்று நிலக்ஷி பார்த்ததில்லை. பார்க்க அவன் கொடுத்ததுமில்லை.

"குளவி வந்தா என்னா செய்வீங்க?" என்றாள் நிலக்ஷி.

"பையப் போட்டுட்டு ஓடுவோம்."

அக்கா முடிச்சை இறுக்கிக் கொழுந்துக்கு அடியில் தள்ளினாள். "நீ போய் சொல்றதுன்னா சொல்லு. பன்னெண்டு பேரையும் நாளைக்கு காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நிப்பாட்டி கேப்பாங்க. அவ்வளவுதானே."

நிலக்ஷி மேலே ஏறினாள். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. சாருஜன் வானுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்றிருந்தான்.

"என்னவாம்?"

"ஈரம் சேர். அண்டெனாவுல தண்ணி எறங்கியிருக்கு. சரி பண்ண ரெண்டு நாள் டைம் தாங்க." மூச்சு வாங்கியது. "சேர், இந்தப் போன்ல எதாச்சும் சேருதா?"

"சேர என்ன இருக்கு," என்றான். சட்டென்று சொன்னான். "நிக்கிற நேரத்தில தெரியிறது மட்டும்தான்."

"நான் ஒருதரம் பாக்கலாமா?"

"ஒஃபீசில பாப்பம். மழை வருது."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வான் கதவைத் திறந்தான். மூட்டம் இறங்கிச் சரிவையும் பெண்களையும் மூடிக்கொண்டிருந்தது. அவன் மார்பில், நனைந்த வெள்ளைத் துணிக்கு உள்ளே, திரை அணையவில்லை. கோடுகள் இன்னும் நீண்டும் குறுகியும் ஓடிக்கொண்டிருந்தன.