தீக்குச்சி வைத்தியம்

"டயர்ல நூல் தெரியற வரைக்கும் ஓட்டலாம் அண்ணி. நீங்க என்னடான்னா தீக்குச்சி வச்சு வைத்தியம் பாக்கறீங்க!" கபாலே நகரத்துக் கடைவீதியே திரும்பிப் பார்க்கச் சிரித்தான் கொழுந்தன் தும்வெபாசே.

கியாரிசீமா சட்டை செய்யவில்லை. டயரின் பள்ளத்தில் குச்சியைத் தலைகீழாக நட்டுப் பார்த்தாள். மருந்துத் தலை உள்ளே மறையாமல் எட்டிப் பார்த்தது; டயர் அவ்வளவு தேய்ந்திருந்தது. மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. அன்றே தன் பழைய காருக்கு நான்கு டயர்களையும் புதிதாக மாற்றினாள்.

சனிக்கிழமை சின்னக் கொழுந்தன் மாத்சிக்கோவுக்குக் கல்யாணம். பெண் வீடு மலை உச்சியில். விடியும்போதே மழை கொட்டித் தீர்த்தது. மாப்பிள்ளையோடு பந்தாவாக முன்னே போன தும்வெபாசேயின் பெரிய ஜீப், செம்மண் ஏற்றத்தின் பாதியிலேயே வழுக்கி வாய்க்காலில் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

பின்னால் வந்த கியாரிசீமா கதவைத் திறந்தாள். "ஏறுப்பா மாப்பிள்ளை."

பழைய கார் ஒரு தடவைகூட வழுக்காமல் உச்சிக்கு ஏறியது. பெண்வீட்டார் குலவையிட்டு வரவேற்றார்கள்.

முழங்கால்வரை சேறோடு நடந்தே வந்து சேர்ந்தான் தும்வெபாசே. "அண்ணி, அந்தத் தீப்பெட்டியக் கொஞ்சம் குடுங்களேன்."

"உனக்கெதுக்கு? உன் டயர்லதான் பள்ளமே இல்லையே, குச்சிய எங்க வைப்ப?"