பக்கத்து இலைக்கு ஆள்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், என் கண்ணுகளா. உரக்கச் சொல்லுகிற கதை இல்லை இது. கை நனைக்கப் போன வீட்டில் சோறு ஆறிப்போன கதை. தெரிந்த மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏன் அப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கும் பிடிபடவில்லை.

குடுமியான்மலைப் பக்கத்து வீரய்யா தன் மகள் சத்யபிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பையன் சேரன், குன்றாண்டார்கோவில் தாண்டி ஓர் ஊர். புதுக்கோட்டையில் ஏசி மெக்கானிக். தகப்பன் இல்லை, தாய் முனியாயி ஒருத்தியாய் வளர்த்த பிள்ளை. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் போய்க் கை நனைப்பதுதான் பாக்கி. பெண் வீட்டார் அங்கே ஒரு வாய் சாப்பிட்டால் பேச்சு உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

பெண்ணை விட்டுவிட்டு மற்றவர்கள் வேனில் போனார்கள். முன் சீட்டில் வீரய்யாவின் அப்பா மலையாண்டி. எண்பதைத் தாண்டியும் தோட்டத்துக்கு மொபெட்டில் போய்வருகிற மனிதர். அவர் ஊர் டீக்கடை பெஞ்சில் காலையில் அவர் வயதுக்காரர்கள் இடத்துக்குச் சண்டை போடுவார்கள்.

பந்தலில் இலை போட்டாயிற்று. அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உட்கார வேண்டும். இருவரும் முதல் வாய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பது. மலையாண்டி உட்கார்ந்தார். சோறு விழுந்தது. பக்கத்து இலைக்கு ஆள் வரவில்லை. கடைசியில் சேரனின் தாய்மாமன் ஆண்டிச்சாமி, நரை கூட இன்னும் சரியாக ஏறாத ஆள், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார வந்தார்.

"நீ அங்கிட்டு உக்காரு தம்பி. பெரியவுகளக் கூப்புடு."

"நாந்தாங்க பெரியவரு. போன வருசத்துலேருந்து எனக்குத்தான் பட்டம். சம்பளந்தான் வரல."

மலையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் கறுத்துவிட்டது. பெருசுகளை வீட்டில் உட்கார வைத்துவிட்டுச் சின்னப் பயல்களை அனுப்பியிருக்கிறார்கள், நம்ம பெண்ணுக்கு அவ்வளவுதான் மரியாதை, எந்திரிங்கடா என்றார் மகனிடம். கூட வந்தவர்களில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

சாம்பார் வாளியோடு வந்த முனியாயி அதைக் கீழே வைத்தாள்.

"ஒளிச்சு வைக்கலைங்கய்யா. இருந்தா தூக்கியாந்தாவது ஒக்கார வச்சிருக்க மாட்டமா? எங்க தெருவுல ஆம்பளைக அறுவதப் பாக்குறதில்லைங்க."

எழுந்தவர்கள் எழுந்தபடி நின்றார்கள். வீரய்யா அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் வரிசையாகப் பொட்டில்லாத நெற்றிகள். விருந்தாளிகளை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தார்.

கல் கிரஷர் தூசிதான் காரணம் என்றது ஒரு குரல். இல்லை, போர்வெல் தண்ணி என்றது இன்னொன்று. அதெல்லாம் இல்லை, குடி. நெஞ்சுவலி வந்தால் மெயின் ரோட்டிலிருந்து வண்டி வந்து சேருவதற்குள் முடிந்துவிடுகிறது என்றாள் ஒருத்தி. ஒவ்வொருவரிடமும் சாட்சிக்கு ஒரு சாவு இருந்தது. கிரஷர் பக்கமே போகாதவனும் செத்திருந்தான், குடிக்காதவனும் செத்திருந்தான். வீரய்யா மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு ஊருக்கும் ஒரே கலெக்டர், ஒரே ரேஷன் அரிசி, பெய்தால் ஒரே மழை. வேனில் வந்தது ஒரு நல்ல தூக்கத்துக்குக்கூடக் காணாத தூரம். அதற்குள் இருபது வருசம் எந்த இடத்தில் விழுந்துபோனது?

செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் மகளுக்குப் போன் போட்டார். விசயத்தைச் சொன்னார்.

"தெரியும்ப்பா. அவரு மொதல்லயே சொல்லிட்டாரு."

டவுனில்தானே குடியிருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"டவுனுக்கு வந்துட்டா அது விட்டுருமாத்தா? அது ஊருல இருக்கா, ஒடம்புல இருக்கா?"

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹார்ன் கேட்டது.

"தெரியலப்பா. தெரியாமத்தான் சரின்னேன். நீங்க எந்திரிச்சு வந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அவுக அம்மா விடியக்காலையிலேருந்து சமைச்சிருப்பாகப்பா."

அவர் திரும்பி வந்தபோது பந்தலில் யாரும் போகவுமில்லை, சாப்பிடவுமில்லை. சாம்பாரின் மேல் ஆடை படிந்திருந்தது. மலையாண்டி ஆண்டிச்சாமியிடம் வயது கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று. கிழவருடைய கடைசி மகன் வயது. மலையாண்டி அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்.

உட்கார்ந்ததும் ஆண்டிச்சாமிக்கு இருமல் கண்டது. துண்டால் வாயைப் பொத்தித் திரும்பிக்கொண்டார். இருமல் நிற்கவில்லை. மலையாண்டியின் இடது கை அந்த முதுகைத் தடவியது. வலது கை சோற்றின் மேல் இருந்தது. பிசையவில்லை, எடுக்கவும் இல்லை. நிமிர்ந்து மகனைப் பார்த்தார். வீரய்யா பந்தல் ஓரத்தில் ஒரு செருப்பைக் கழற்றி, மறு செருப்போடு நின்றார். சுவரோரத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கை வாய்க்குப் போனதா தெரியாது, கண்ணுகளா. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பந்தியில் பாலகன் முதல் பல் போனவர் வரை எல்லா வயதும் வரிசையாக உட்காரட்டும். போட்ட இலை எதுவும் ஆளில்லாமல் காயாதிருக்கட்டும்.