இரண்டு மணிக்குக் கிளம்புகிறவள்

...அந்த மனிதர் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார், சோலைமுத்து, நாற்பத்தொரு வயது, துபாய் விசா புதுப்பிக்க எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல், "எனக்கு இருமலே இல்லீங்க மேடம், ஊருக்கு அனுப்பிருவாங்களா?" என்று கேட்டார், "நாளைக்கு வாங்க, டிபியா இல்லையான்னு சளி டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சொல்ல முடியும்" என்றேன், சொல்லும்போதே கார் சாவியை எடுத்துவிட்டேன், மணி இரண்டு. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? ஒரு நாளைக்கு முந்நூறு படம் பார்க்கிறேன், முந்நூறு நெஞ்சுக்கூடு, ஒரு முகமும் கிடையாது, இன்றைக்கு அதிசயமாக ஒரு முகம் என்னைத் தேடி அறைக்குள் வந்தது, நான் ஓடிவந்துவிட்டேன். இப்போது அல் குசைஸ் சிக்னலில் நிற்கிறேன்... யாருக்காக இந்த ஓட்டம்? ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொள்ள ரக்ஷிதா என்ன ஒன்றாம் வகுப்பா, இருபத்துநாலு வயது டாக்டர், அவளே இந்நேரம் ஏதோ ஒரு வார்டில் நின்றுகொண்டிருப்பாள். இருபது வருஷப் பழக்கம், இரண்டு அடித்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது, வீட்டில் யாரும் இல்லை என்பது காலுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குள் அவள் ஃபார்மை அனுப்பியாக வேண்டும், மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று, காலையில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், "ஐசியூதான் ஆசைம்மா, பட் ஸ்கின் போடப்போறேன், டைமிங் நல்லா இருக்கும், நாளைக்கு எனக்கும் குழந்தைன்னு வரும்ல? நீங்க எனக்காக எல்லாத்தையும் விட்டீங்க, நான் மட்டும் செல்ஃபிஷ்ஷா இருக்க முடியுமா?" ரவிசங்கருக்கு மனைவியை நினைத்தும் மகளை நினைத்தும் ஒரே பெருமை, "அம்மாவைப் பார்த்து வளர்ந்த பொண்ணு" என்றார், நான் இன்னொரு இட்லியை அவள் தட்டில் வைத்தேன். போன மாதம் முதன்முதலாக ஒருவருக்கு மூச்சுக்குழாய் போட்டுவிட்டு வந்தாளே, சாப்பிடக்கூட இல்லை, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வைத்து, ஸ்பூனை நுழைத்துக் காட்டினாள், "நீலமா இருந்த உதடு அப்படியே ரோஸ் ஆச்சும்மா!" அந்த முகத்தோடு அவள் போய் முகப்பருவுக்கு மருந்து எழுதப்போகிறாளா? ஸ்கின் ஒன்றும் மட்டமில்லை, அதை ஆசையாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இவள் அப்படியில்லை, இவளுக்கு அது என்னைப் பார்த்து வந்த வினை.

பார்க்கிங்கில் காரை நிறுத்தியாயிற்று, எதிரே அந்த இடம்தான், மூன்று மணிக்கு ஸ்கூல் பஸ் வந்து நிற்கும் இடம், சின்ன ரக்ஷிதா தண்ணீர் பாட்டில் தொங்கத் தொங்க இறங்குவாள், "உனக்காகத்தான்டி அம்மா அந்தப் பெரிய வேலையை விட்டேன்" என்று பையை வாங்கிக்கொள்வேன், எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கொஞ்சும்போது, திட்டும்போது, மார்க் குறைந்தபோது... சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். ஆனால் ஜோதிமணி? சென்னையில், ஐசியூவில், இருபத்தாறு வயது, ஆஸ்துமா, காலை ரவுண்ட்ஸில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பதினோரு மணிக்குள் போய்விட்டாள், குழாயை நான் போட்டது சரியில்லையா, நேரமாகிவிட்டதா, யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அவள் புருஷன் மட்டும் "காலையில பேசினாளே மேடம்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அடுத்த வாரமே ஐசியூ வேண்டாம் என்று கடிதம் கொடுத்தேன், அது மார்ச் மாதம். ரக்ஷிதா வயிற்றில் இருக்கிறாள் என்று தெரிந்தது ஜூலையில்... மார்ச்சுக்குப் பிறகுதானே ஜூலை? இந்தச் சின்னக் கணக்கை இத்தனை வருஷம் நான் ஏன் போட்டுப் பார்க்கவே இல்லை?

போன் அடிக்கிறது, அவள்தான், "அம்மா, டென் மினிட்ஸ்தான் இருக்கு, ஸ்கின்னே போட்டுடறேன், ஓகேயா?" உனக்காக இல்லடி, பயந்து ஓடிவந்தேன், இன்றைக்குக்கூட ஒருவரைப் பெஞ்சில் விட்டுவிட்டு ஓடிவந்தேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது, சொன்னால் அவள் பிழைத்துக்கொள்வாள், ஆனால் பஸ்ஸுக்காக நான் நின்ற அத்தனை மூன்று மணிகளும் என்ன ஆகும், அவளுக்கு, எனக்கு... "ஹலோ? அம்மா, இருக்கீங்களா?" எதிரே ஒரு மஞ்சள் பஸ் வந்து நிற்கிறது, யாரோ ஒருத்தி ஓடிப்போய் ஒரு குழந்தையின் பையை வாங்கிக்கொள்கிறாள், குனிந்து அதன் காதில் என்னவோ சொல்கிறாள்.

"ரக்ஷி," என்றேன், "இன்னும் அனுப்பலைல்ல?"